பேராண்டிக்கு ஒரு பிலிம் ரோல்

வாப்பா, வா. தாடியும் தோள்ல பழைய கேமராவுமா சென்னையில இருந்து எறங்கியிருக்க. போன்ல ஆயிரம் படம் சும்மாவே புடிக்கலாம். ஆனா தொரைக்கு முப்பத்தாறு படத்தைக் காசு குடுத்துத்தான் புடிக்கணும். புடி, நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்.

"ட்ரை-எக்ஸா, டி-மேக்ஸா தாத்தா?"ன்னு கேக்குற. உத்தமபாளையத்துல கலியாண ஆல்பம் போட்டே நரைச்சவன் நான். கடைக்காரன் எதை எடுத்து நீட்டினானோ அதான் எங்களுக்குப் பிலிம். ஆர்வோ இருந்தா ஆர்வோ, இந்து இருந்தா இந்து. இந்து நம்ம ஊட்டிச் சரக்கு. 1960ல கவருமெண்டு அங்க கம்பெனி தொடங்குச்சு, 1967ல உற்பத்தி ஆரம்பிச்சாக. குளிர்ல பொறந்த பிலிமு கம்பத்து வெயில்ல வந்து என் டார்க் ரூம்ல பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப அந்தக் கம்பெனியே மூடிக் கெடக்கு.

சரி, கேட்டதுக்கு வாரேன். பழைய பிலிம்ல வெள்ளி உப்பு கட்டியும் முட்டியுமாக் கெடக்கும். 35 எம்.எம். ட்ரை-எக்ஸ் 1954ல வந்தது, எச்.பி.5 1976ல வந்தது, ரெண்டும் இந்தச் சாதிதான். 1986ல கோடாக்காரன் அந்த உப்பைத் தட்டையாக்கி டி-மேக்ஸ்னு விட்டான். பின்னாடியே 1990ல இல்ஃபோர்டுகாரன் டெல்டாவோட வந்தான். அரிசிக்கும் அவலுக்கும் உள்ள வித்தியாசந்தான், பேராண்டி. நெல்லு ஒண்ணுதான், தட்டையானது அகலமாப் படியுது. அதனால கொஞ்ச வெள்ளியே நெறைய வெளிச்சத்தை வாங்கிக்கிருது. படத்தைப் பெருசாக்கினாலும் புள்ளி அம்புட்டாத் தெரியாது.

"புள்ளிதான் தாத்தா அழகு"ங்கிற. அடப்பாவி! பொண்ணு மொகத்துல புள்ளி தெரியுதுன்னு சம்பந்தி வீட்டுல மல்லுக்கு நிப்பாக. பென்சிலும் பிரஷ்ஷுமா உக்காந்து ராத்திரியெல்லாம் டச்சப் பண்ணுவோம். நாங்க கூலி வாங்கி மறைச்சதை நீ காசு குடுத்து வாங்குற.

அதுக்காகப் புதுசைக் கொறை சொல்ல மாட்டேன். கருக்கல்ல சுருளி அருவிக்குப் போறேன்னியே, லைட் மீட்டரு பத்து செகண்டுன்னு காட்டுனா ட்ரை-எக்ஸுக்கு அம்பது செகண்டு தொறந்து வைக்கணும்னு கோடாக்காரனே அட்டவணை போட்டிருக்கான். டி-மேக்ஸுக்குப் பதினஞ்சு போதும். மீட்டரு நூறு செகண்டு காட்டுச்சுன்னா ட்ரை-எக்ஸுக்கு 1200. இருவது நிமிசம்! அதுக்குள்ள கொரங்கு உன் பையைத் தூக்கிட்டுப் போயி கணக்கு வழக்கெல்லாம் முடிச்சிருக்கும்.

ஆனா கழுவுற எடத்துலதான் சங்கதியே இருக்கு. மருந்தைப் பத்திக் கவலையில்லை, 1927ல வந்த டி-76லயே ரெண்டையும் கழுவலாம். தண்ணி 20 டிகிரி இருக்கணும். சித்திரையில நம்ம குழாயத் தொறந்தா வர்ற தண்ணியில டீயே போடலாம். ஐஸை வச்சு எறக்கணும், தெர்மாமீட்டர் பாக்கணும், கடிகாரம் பாக்கணும். ஒரு நிமிசம் முன்னப் பின்ன ஆனாலும் பழசு பொறுத்துக்கிரும். புதுசுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கெடையாது. வீரபாண்டித் திருவிழாவுல மத்தியான வெயில்ல வெள்ளை வேட்டிக்காரரை எடுத்துட்டு வந்து, கொஞ்சம் கூடுதலாக் கழுவிப் பாரு. நெகட்டிவ்ல வேட்டி கன்னங்கரேல்னு அடைச்சுக்கிரும். பிரிண்ட் போட்டா மடிப்பும் இருக்காது, கரையும் இருக்காது. புதுசு ஹைப்போவுலயும் கூட நேரம் ஊறணும். அவசரப்பட்டு எடுத்தா பிலிம் ரோஸ் கலர்ல உன்னயப் பாத்து இளிக்கும்.

இப்ப நீயே சொல்லு. பத்து மணி முகூர்த்தத்துக்குப் பந்தி முடியறப்ப வந்து எறங்குற ஆளு நீ. உனக்கு எதுக்குடா டி-மேக்ஸு? எச்.பி.5 ரெண்டு ரோல் வாங்கிக்க, உன் சோம்பேறித்தனத்தை அது வெளிய காட்டாது. ஏற்கெனவே வாங்கி வச்ச டி-மேக்ஸை உன் தங்கச்சிகிட்டக் குடுத்துரு. அவ இட்லிக்கே மணி பாத்து மாவு ஆட்டுறவ.