சூப்பர்வைசர் ஆயிட்டியாமே, பேராண்டி!

வா பேராண்டி, குந்து. ஃபேக்டரியில டீம் லீடராப் போட்டுட்டாங்களாமே? கழுத்துல அட்டை தொங்குது, சட்டைப் பையில பேனா ரெண்டு. சந்தோசம். அப்புறம் மூஞ்சி ஏன் ரோட்டி சானாய் மாவாட்டம் தொங்குது?

ஓகோ, வேலைக் கடுதாசியா! லீடு பண்ணு, கைடு பண்ணு, டைரக்ட் பண்ணு, சூப்பர்வைஸ் பண்ணு, மேனேஜ் பண்ணுன்னு அஞ்சு போட்டிருக்கான். அஞ்சும் ஒண்ணுதானே தாத்தான்னு கேக்குற. யுனிவர்சிட்டி வரைக்கும் படிச்சவன், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவதோட நின்னவன்கிட்ட இங்கிலீசு கேக்குறான். நல்ல காலம்டா இது! சரி, எனக்கு ஒரு கோப்பி ஓ சொல்லு. ஒனக்கு அந்த ஈப்போ வெள்ளைக் காப்பி சொல்லிக்க.

அஞ்சும் ஒண்ணுன்னா தோட்டத்துல அஞ்சு பேருக்கு வெள்ளைக்காரன் ஏண்டா சம்பளம் குடுத்தான்? அவன் காசுல கெட்டிக்காரன். இருட்டோட ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல நின்ன எங்களுக்கு அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.

மொதல்ல டைரக்ட். நம்ம பேராக்குல கித்தா மரம், அதான் ரப்பர் மரம், 1877ல கோலகங்சார்ல வேர் விட்டுச்சு. அந்த மரத்தால பணம் பண்ணின கம்பெனிங்களோட டைரக்டருங்க லண்டன்ல இருந்தாங்க. மரத்தைப் படத்துல பாத்துட்டு நமக்குத் திசை காட்டினாங்க. லத்தீன்ல அந்த வார்த்தைக்கு நேராக்குறதுன்னு அர்த்தமாம். ரிட்டையரான கிராணி ஐயா சொன்னாரு. கோடு அவங்க காயிதத்துல நேராத்தான் இருந்துச்சு. மேடும் பள்ளமும் நம்ம கால்ல இருந்துச்சு.

அடுத்து மேனேஜ். இத்தாலிக்காரன் குதிரையைக் கையால பழக்குறதுக்கு வச்ச வார்த்தை. பங்களாத் தொரைக்கு இங்கிலீசுல மேனேஜர்தான் பேரு. இப்பப் புரியுதா அங்க குதிரை யாருன்னு? பத்து காஜாப் பக்கம் கெல்லி கோட்டை பாத்திருப்பியே, செல்ஃபி எடுக்கப் போனியே. வில்லியம் கெல்லி ஸ்மித்துங்குற தொரை 1915ல கட்ட ஆரம்பிச்சாரு. நம்ம ஆளுங்களைத்தான் கொண்டாந்தாரு. வேலை நடக்குறப்ப வெசக் காய்ச்சல் வந்து ஆளுங்க விழுந்தாங்க. ஆத்தாவுக்குக் கோயில் வேணும்னு கேட்டாங்க, தொரையும் சரின்னாரு. 1926ல அவரு லிஸ்பன்ல செத்துப் போக, கோட்டை அரைகுறையா நின்னு போச்சு. மாரியம்மன் கோயில் இருக்கு. கூரை மேல சாமிங்களோட சாமியா சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரரு. தொரைதான்னு சொல்றாங்க. நம்ம ஆளு குசும்பைப் பாத்தியா? அங்கேயும் அவரை மேலதான் நிக்க வச்சிருக்கான், வேலை ஒண்ணும் இல்லாம!

சூப்பர்வைஸ்தான் பெரிய வேடிக்கை. மேல இருந்து பாக்குறதுன்னு அர்த்தம். அதையே தமிழ்ல சொல்லு பாப்போம். கண்காணி. அதாண்டா கங்காணி! ஒன்னோட பாட்டன் பூட்டன் கங்காணின்னு சம்பந்தி வீட்டுல சொல்லிடாதீங்கன்னு ஒங்கம்மா என் வாயைப் பொத்தினா. இன்னைக்கு அதையே இங்கிலீசுல எழுதிக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்து நிக்குற. அந்தக் காலத்துக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. எத்தனை தலை வேலைக்கு வந்துச்சோ அத்தனைக்குக் காசு. அதனால லயத்துல காய்ச்சலாப் படுத்திருக்கிறவனுக்கும் அவன் கணக்குல ரெண்டு கால் உண்டு. ஒங்க கம்பெனியில அதைத்தானே கேபிஐங்குறீங்க? ஊருல இருந்து கூலி ஆளு அனுப்புறதை 1938ல இந்தியா நிறுத்திடுச்சு. ஆள் கட்டுற கங்காணி போனான், காட்டுல பேரு மட்டும் நின்னுச்சு.

இவங்களுக்கு நடுவுல மண்டோரு. அவன் ஏவுறவன். நாயை ஏவினா நாய் வாலை ஏவுமாம். வால் நாந்தான்.

இப்ப லீடு. முன்னால நடக்குறது. கித்தாக் காட்டுல மொதல்ல நடக்குறவனைத்தான் அட்டை மொதல்ல பிடிக்கும். ஒனக்குக் கழுத்துல அட்டை, அவனுக்குக் கால்ல அட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். தோட்டங்களைத் துண்டு போட்டு வித்தப்ப சுங்கை சிப்புட்காரரு துன் சம்பந்தன், மந்திரியா இருந்துக்கிட்டே தோட்டம் தோட்டமா ஏறி இறங்கினாரு. காசைச் சேத்துப் போட்டா நாமளே தோட்டம் வாங்கலாம்னு பால்வெட்டுக்காரங்ககிட்டப் பேசினாரு. 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வந்துச்சு. சங்கம் தோட்டம் வாங்குச்சு, மரம் சீவினவன் பங்குதாரன் ஆனான். ஆபீசுல குந்திக்கிட்டு வாட்ஸ்அப்புல அனுப்பினதா அது?

கடைசியா கைடு. எங்காத்தா எனக்கு மரம் சீவக் கத்துக் குடுத்தப்ப வாயைத் திறக்கல. என் மணிக்கட்டைப் பிடிச்சு, இடது மேட்டுல இருந்து வலது பள்ளத்துக்கு உளியை இழுத்தா. ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், அந்தப் பட்டை முண்டு முண்டாப் போயிடும். மேலாப் போனா பால் இல்ல. சரியாச் சீவினா பால் தன்னால கோட்டுல இறங்கி மங்குல விழும். கோடு பாலைத் தள்ளுறதில்ல, வழி குடுக்குது. பத்துப்பாட்டுல அஞ்சு பாட்டு ஆற்றுப்படையாம், எங்க வாத்தியாரு சொன்னாரு. பரிசு வாங்கித் திரும்புறவன் எதுக்க வர்ற பசிச்சவனுக்கு வழி சொல்றது. போய் வந்தவன் சொன்னாத்தான் கைடு. போகாதவன் சொன்னா மண்டோரு.

ஆக, வார்த்தையை விடு பேராண்டி. ஆளுங்க எங்க நிக்குறாங்க, நீ எங்க நிக்குறேன்னு பாரு. எந்த வேலை பாக்குறேன்னு ஒனக்கே தெரிஞ்சிடும்.

கோப்பி முடிஞ்சிருச்சு. கல்லா அந்தா இருக்கு. லீடருன்னா முன்னால போறவன்னு இப்பத்தானே படிச்ச? நட. நான் பின்னால இருந்து சூப்பர்வைஸ் பண்றேன்.