முன்னுரை, பொருளுரை, காய்ச்சல்

விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுத விரலைப் பிடித்தால் பிள்ளை வீறிடும். விவரமான பிள்ளை. பின்னால் இன்னும் 246 எழுத்து வரிசையில் நிற்பது அதற்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

அதே பிள்ளை, வாடகை வீட்டுச் சுவரில் யாரும் கேட்காமலே கிறுக்கித் தள்ளும். அதற்கு முதுகில் இரண்டு வைத்துவிட்டு, இரட்டை வரி நோட்டை நீட்டி "எழுது" என்போம். எதை? கரும்பலகையில் இருப்பதை. வகுப்பில் பேசினால் 'இனி பேச மாட்டேன்' நூறு தடவை. எழுத்தையே தண்டனையாகக் கொடுத்துவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் "பையனுக்கு எழுதறதுல ஆர்வமே இல்லீங்க சார்" என்று அங்கலாய்ப்போம்.

கட்டுரை நோட்டில் பசு, முன்னுரையில் நுழைந்து முடிவுரை வழியாக வெளியேறும். பசுவையே பார்த்திராத அடுக்குமாடிப் பிள்ளையும் சாணத்தின் பயன்களை எழுதி மதிப்பெண் வாங்கிவிடும். சொந்தக் கற்பனைக்கு இடமுள்ளது விடுப்புக் கடிதம் மட்டும்தான். அதிலும் காய்ச்சலைத் தவிர வேறு நோய்க்கு அனுமதியில்லை.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர், அவரவர் கேட்ட சொல்லையே அட்டையில் எழுதிக் கொடுத்தார். பேய், முத்தம் என்றெல்லாம் கேட்டார்கள். 1963-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். நம்மூரில் கேட்டால், பேய் சிலபஸில் இல்லை என்போம்.

இந்த மாத மளிகைச் சீட்டைப் பிள்ளையிடம் எழுதக் கொடுங்கள். முதல் வரியில் 'சாக்கலேட்டு' இருக்கும். பிழையைத் திருத்தாமல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.