ஷட்டர் ஸ்பிரிங்: வாங்குவதும் வணங்குவதும்

புதுக் கடை போடுகிறவர்கள் முதலில் போர்டுக்குச் செலவு செய்ய வேண்டும். அப்புறம் கண்ணாடி அலமாரி, சீரியல் லைட், திறப்பு விழாவுக்கு வாழைமரம், வந்தவர்களுக்கு ரோஸ்மில்க். இதெல்லாம் போகக் கையில் மிஞ்சுவதில் ஷட்டர் போடுங்கள். ஷட்டரில் மிஞ்சுவதில் ஸ்பிரிங். அது மேலே பெட்டிக்குள் ஒளிந்துகிடக்கிற சாமான். எந்த வாடிக்கையாளர் அண்ணாந்து பார்க்கப் போகிறார்? தூத்துக்குடியில் பதினாறு வருஷமாக ஸ்டேஷனரிக் கடை நடத்துகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஷட்டர் மெக்கானிக் வந்து அளவு கேட்பார். "எல்லாரும் போடுற சைஸ்தான்" என்று சொல்லிவிட்டு போனைப் பாருங்கள். மத்தியப் பொதுப்பணித் துறைக்காரர்கள் தங்கள் விலைப்பட்டியலில் பட்டை 80 மி.மீ. அகலம், 1.25 மி.மீ. கனம், ஸ்பிரிங் 27.5 செ.மீ. நீளம், கம்பி ஐ.எஸ். 4454 தரம் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, எழுதுகிறார்கள். நமக்கு "நல்லதா ஒண்ணு போடுங்க" போதும். பரப்பு 10 சதுர மீட்டரைத் தாண்டினால் சங்கிலியோ கைப்பிடியோ வைத்து இயக்கச் சொல்வார்கள். குடோன் வாசலுக்கு அதெல்லாம் எதற்கு? சம்பளத்துக்கு நாலு பையன்கள் இருக்கிறார்களே.

எடையைப் பற்றி மட்டும் யோசிக்காதீர்கள், தூக்கம் போய்விடும். எட்டடிக்கு எட்டடி வாசல். அந்த 1.25 மி.மீ. தகட்டைச் சும்மா விரித்து வைத்தாலே 58 கிலோ. மடிப்பும் அடிப்பட்டையும் சேர்ந்தால் எழுபதைத் தாண்டும். என் கடைப் பையன் ஒரு கையில் டீ கிளாஸோடு மறுகையால் அதைத் தூக்குவான். தூக்குவது தானென்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நானும் அப்படித்தான் நினைத்துச் சம்பளம் கொடுத்தேன். உண்மையில் ஷட்டர் இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். கடையைப் பூட்டிவிட்டு நாம் காலை நீட்டிப் படுத்திருக்கிற நேரத்தில்தான் அது முழு முறுக்கில் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

முறுக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஷட்டரைப் பாதி உயரத்தில் மெதுவாக விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். நின்றுவிட்டால் சுவாரஸ்யமே இல்லை. முறுக்கை ஏற்றி வையுங்கள். எங்கள் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். எதிர்த்த மருந்துக்கடை அண்ணாச்சி அதற்கு முன்பிருந்தே தினமும் காலை எட்டு மணிக்கு ஏவிக்கொண்டிருக்கிறார். பூட்டைத் திறந்ததும் ஷட்டர் கையை உதறிக்கொண்டு போய் மேலே இடிக்கும். தெருவில் அலாரம் வைக்கிற பழக்கமே போய்விட்டது.

பராமரிப்புக்கு வருவோம். எங்களுடையது உப்பளத்து ஊர். காற்றைச் சும்மா நக்கினாலே கரிக்கும். அந்தக் காற்று கம்பியில் ஊசிமுனை அளவுக்குத் துருக்குழி போடும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். அதனால் மெக்கானிக்கை அவ்வப்போது வரவழைத்து ஸ்பிரிங்குக்கு எண்ணெய் காட்டு என்பார்கள். நாங்கள் சந்தனம் காட்டுகிறோம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஷட்டரைப் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினால் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் கவலை இல்லை. பக்கவாட்டுச் சேனலில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓசியில் வாங்கிய வேஸ்ட் ஆயிலை ஊற்றுங்கள். லாரி கிளப்புகிற புழுதியோடு சேர்ந்து அது அருமையான களியாகும்.

ஸ்பிரிங்குக்கு ஆயுள் எவ்வளவு? அமெரிக்காவில் கராஜ் கதவுக்குச் சாதாரண ஸ்பிரிங் என்றால் 10,000 தடவை ஏறி இறங்கும் என்று கணக்கு வைக்கிறார்கள். காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை என்றால் நமக்குப் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் வரும். பந்த் அன்றைக்குப் பாதி இறக்கி, போலீஸ் வேன் போனதும் தூக்கி, கோஷம் கேட்டதும் மறுபடி இறக்குவதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. 2019-இல் தமிழக அரசு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க அனுமதித்தது. ஸ்பிரிங்கைக் காப்பாற்ற இதைவிட நல்ல திட்டத்தை எந்த அரசும் கொண்டுவந்ததில்லை.

ஒன்றை மட்டும் கேலியில்லாமல் சொல்கிறேன். யூடியூபைப் பார்த்து ஸ்பிரிங்கை நீங்களே கழற்றப் போகாதீர்கள். முறுக்கில் இருக்கிற பைப்பிலிருந்து கம்பி நழுவினால் முதலில் போவது மணிக்கட்டு.

மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் நம்பரைத் தேடவே வேண்டாம். கேட்காமலே உங்கள் ஷட்டரில் ஸ்டென்சில் வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருப்பார். போன ஐப்பசியில் என் ஷட்டர் முக்கால்வாசி ஏறினதும் பெட்டிக்குள் டமார் என்றது. ஒரு பக்கம் சாய்ந்து சேனலில் இறுகிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நம்பர் சுருளுக்குள். எதிர்க்கடை ஷட்டரிலும் அதே நம்பர்தான், அதுவும் மேலே. தெரு முழுக்க அந்த நம்பர் இருந்தது, தெரு முழுக்கக் கடை திறந்திருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மருந்துக்கடை அண்ணாச்சி ஷட்டரைத் தொங்கி இறக்கிய பிறகுதான் டார்ச் அடித்துப் படித்தேன். பையனைத் திறந்த கடைக்குள்ளேயே படுக்க வைத்தேன்.

மறுநாள் வந்த மெக்கானிக் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சத்தம் வருதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா அண்ணாச்சி. ரெண்டு ஸ்பிரிங்குக்கும் ஒரே வயசு, ரெண்டையும் மாத்திருவோம்."

"ஒடஞ்சத மட்டும் மாத்துங்க, போதும்."

இப்போது அவர் நம்பர் எனக்கு மனப்பாடம். மாற்றாமல் விட்ட இன்னொரு ஸ்பிரிங் போன வாரத்திலிருந்து கிரீச்சிடுகிறது. நோட்டு வாங்க வருகிறவர்கள் இன்னும் கொஞ்ச நாளைக்கு வாசலில் நின்று விலை கேட்காமல், தயவுசெய்து உள்ளே வந்துவிடுங்கள்.