இருசக்கர மூட்டையியல்: ஏலாக்குறிச்சியை முன்வைத்து ஒரு சதுரகராதி ஆய்வு

கோரைப்பாயைச் சுருட்டி நிமிர்த்தினால் ஆறடி. டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் நீளமும் ஏறக்குறைய ஆறடி. ஆறடியின் மேல் ஆறடியை ஏற்றி, அதோடு ஒரு குடும்பத்தையும் ஏற்றி, கொள்ளிடப் பாலத்துக் காற்றைத் தாண்டிக் கரைசேர்ப்பது எப்படி? இவ்வாய்வின் மையச் சிக்கல் இதுதான்.

பிரான்சில் இதற்கு விடை கண்டாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவர்களுக்கு அங்கே நீர் புகாத பை உண்டு, பக்கவாட்டு அலுமினியப் பெட்டி உண்டு, காற்றைப் பிடுங்கிவிட்டால் முழங்கை நீளத்துக்குச் சுருங்கும் மெத்தை உண்டு. அரியலூர் மாவட்டத்தில் அதே காரியம் ஒரு உரச் சாக்கு, ஒரு கட்டைப் பை, பழைய டியூப்பை அறுத்தெடுத்த இரண்டு ரப்பர் கயிறு ஆகியவற்றால் முடிந்துவிடுகிறது. முன்னதற்குப் பெயர் சாகசப் பயணம். பின்னதற்குப் பெயர் ‘கோயிலுக்குப் போறோம்’. இந்த ஓரவஞ்சனையைக் கண்டு பொறாமல் எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களமாக ஏலாக்குறிச்சியை எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல. திருமானூருக்குக் கிழக்கே, கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள இந்த ஊரில்தான் அடைக்கல மாதா கோயில் இருக்கிறது. அதை எழுப்பியவர் 1680ல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, முப்பது வயதையொட்டி இங்கே வந்து, வீரமாமுனிவர் ஆகிவிட்ட கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. ஊரின் பெயர்ப்பலகையிலேயே அவர் கைவண்ணம் இருக்கிறது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு செய்தவர் என்று தமிழ் எழுத்து வரலாறு அவரைத்தான் சொல்கிறது. அவர் இல்லாவிட்டால் பலகையின் முதல் எழுத்துக்குக் கால் இருந்திருக்காது.

அவர் 1732ல் முடித்த அகராதி சதுரகராதி. நான்கு பிரிவு: பெயர், பொருள், தொகை, தொடை. ஒரு சொல்லின் பல பொருள்கள் முதல் பிரிவிலும், ஒரு பொருளுக்குரிய பல சொற்கள் இரண்டாவதிலும், தொகுதிப் பெயர்கள் மூன்றாவதிலும், எதுகைக்கு உதவும் சொற்கள் நான்காவதிலும் வரும். புலவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. வண்டியில் மூட்டை கட்டுகிறவர்களுக்கும் இந்த நான்கு தலைப்பே போதும் என்பதை முனிவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

முதலில் பெயர். பெயர்தல் என்றால் இடம்விட்டு நகர்தல். ஆகவே பயணத்தை இங்கிருந்து தொடங்குவது இலக்கணப்படியும் சரி. வெளியூரில் திறந்தவெளியில் இரவு தங்குவதற்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமே இல்லை: பாசறை, பாடி, முகாம், தங்கல். முல்லைப்பாட்டில் வரும் பாசறையில் கூடாரம் உண்டு, காவலுக்கு யவனரும் உண்டு. ‘கேம்ப்’ என்ற சொல்லும் நம்மிடம் நூறாண்டுக்கு மேலாகப் புழங்குகிறது. ஆனால் ‘சார் கேம்ப் போயிருக்கார்’ என்றால் கூடாரம் என்று பொருளல்ல. கையெழுத்து இன்றைக்குக் கிடைக்காது என்று பொருள். பெஸ்கி இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து அதன்மேல் ஒரு கலம்பகமே பாடினார். காவல், அடைக்கலம் என்று ஊருக்கும் கோயிலுக்கும் வாய்த்த பெயர்கள் இரண்டுமே தங்க இடம் தருகிறவை.

இரண்டாவது பொருள். இதில்தான் சங்கதி இருக்கிறது.

புறப்படும் நாளின் விடியற்காலையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். வண்டி செண்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. முன்னால் கால் வைக்கும் தட்டில் முதலில் போவது பாத்திரச் சாக்கு: குக்கர், அதற்குள் டம்ளர்கள், டம்ளருக்குள் துணியில் முடிந்த மிளகாய்த்தூள். சாக்கின் இரண்டு பக்கமும் பாதி கால் வைக்க இடம் விடப்படும். ஹேண்டில்பாரின் இடப்பக்கம் புளிசாதத் தூக்கு, வலப்பக்கம் தண்ணீர் பாட்டில் பை. வலப்பக்கத்துப் பை கொஞ்சம் நீளமாகத் தொங்கினால் ஆக்ஸிலேட்டர் பிடிக்கும் கையில் இடிக்கும் என்பதால் அதன் காதில் ஒரு முடிச்சு விழும். பின்னால் கேரியரில் போர்வை மூட்டை. இதுவரை தகராறு இல்லை. பிறகு வீட்டுக்குள்ளிருந்து பாய் வருகிறது.

பாயைக் குறுக்கே கட்டினால் வண்டி ஆறடி அகலமாகிவிடும். எதிரே வருகிற சுண்ணாம்புக்கல் லாரிக்கு வழி இருக்காது. நெடுக்கே கட்டினால் ஓட்டுகிறவர் முதுகில் குத்தும். ஆகவே பின்னால் உட்காருகிற அம்மா அதைக் கொடிமரம் போல நிமிர்த்திக் கட்டிக்கொண்டு வருவதே மரபு. திருவையாற்றுப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு விளாங்குடி தாண்டிக் கொள்ளிடப் பாலம் ஏறியதும் இந்த மரபின் குறை தெரியவரும். ஆடி மாதத்துக் காற்றில் நிமிர்ந்த பாய் பாய்மரமாகிறது. தமிழில் பாய் என்ற ஒரே சொல் படுக்கைக்கும் மரக்கலத்துக்கும் பொதுவாக இருப்பது ஏன் என்று அந்தப் பாலத்தில் விளங்கும். மடித்து வைக்கும் பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு சிக்கல் பாதி தீர்ந்தது. கோரைப்பாய்க் கட்சியினர் அதில் படுத்தால் உடம்பு வேர்க்கும் என்று இன்னும் வாதாடுகிறார்கள். அவர்கள் சொல்வது சரி.

எதை எங்கே வைப்பது என்பதில் பிரான்சும் திருமானூர் ஒன்றியமும் ஒன்றுபடுகின்றன. பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் சுமை கூடினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆடும். கனமானது தாழ்வாகவும் ஓட்டுகிறவருக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும் என்று அங்கே கையேடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே ‘குக்கரை முன்னாடி வைய்யி’ என்பதோடு முடிந்துவிடும்.

இதில் வியக்க ஒன்றுமில்லை, வண்டியே பாதி பிரெஞ்சு வம்சம். பிரான்சின் மோட்டோபெகான் நிறுவனம் 1949ல் வெளியிட்ட மோபிலெட் என்ற மொபெட்தான், திருப்பதியில் இயங்கிய மொபெட்ஸ் இந்தியா நிறுவனத்தின் வழியாகச் சுவேகா என்ற பெயரில் நம் தெருக்களுக்கு வந்தது. 1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்து, ஒருவர் போவதை இருவர் போவதாக்கியது. இருவரை நால்வராக்கியதில் நிறுவனத்துக்குப் பங்கில்லை. அது மக்களின் கண்டுபிடிப்பு.

என்னென்ன எடுத்துப்போவது என்ற பட்டியல் பிரச்சினையிலும் முன்னோடி பெஸ்கிதான். அவர் எழுதிய பரமார்த்த குரு கதையை நகைச்சுவை நூல் என்று சொல்லிச் சொல்லியே அதன் போக்குவரத்து மதிப்பைக் கெடுத்துவிட்டார்கள். குருவின் தலைப்பாகை குதிரையிலிருந்து விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் சும்மா வருகிறார்கள். விழுவதை எல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கோபிக்க, குதிரை போட்ட லத்தியையும் பத்திரமாக எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் எடுக்க வேண்டியவற்றுக்கு ஓலையில் பட்டியல் எழுதித் தருகிறார் குரு. அப்புறம் அவரே குழியில் விழுகிறார். சீடர்களான மட்டியும் மடையனும் பேதையும் மிலேச்சனும் மூடனும் ஓலையைப் படித்து, அதிலுள்ள துணிமணிகளை ஒழுங்காகச் சேகரித்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத குருவைக் குழியிலேயே விட்டுவிடுகிறார்கள். அவரையும் சேர்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள். கொசுவத்தி வரை எழுதிக்கொண்டு வந்து ஆதார் கார்டையும் மருந்துச் சீட்டையும் மறந்துவிடுகிற எந்தக் குடும்பத்தையும் இந்தக் கதை விட்டுவைக்கவில்லை.

இந்தக் குதிரை பிரான்சுக்கும் போய்வந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1822ல் பாபிங்டன் என்பவர் இந்தக் கதையை லண்டனில் ஆங்கிலத்தோடு அச்சிட்டார். இந்தியாவில் முப்பதாண்டு வாழ்ந்து திரும்பிய அபே துபுவா, 1826ல் பாரிஸில் வெளியிட்ட கதைத் தொகுப்பில் பிரெஞ்சு மொழியில் சேர்த்தார். ஏலாக்குறிச்சிச் சரக்கு ஒன்று பிரான்சைச் சுற்றிவந்ததற்கு, பெட்ரோல் வண்டி பிறக்கும் முன்பே, அச்சுச் சான்று இருக்கிறது.

எவ்வளவு பொருள் தேவை என்ற தத்துவக் கேள்விக்கும் அரியலூர் மாவட்டமே இரு விடைகளை வைத்திருக்கிறது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டும் இந்த மண் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடி. அதில் வாழ்ந்த அம்மோனைட் வீட்டையே சுருட்டி முதுகில் சுமந்தது. இன்று கல்லாகக் கிடைக்கிறது. திருமானூர் வட்டாரத்திலேயே உள்ள கரைவெட்டி ஏரிக்கு இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து எதையும் கொண்டுவருவதில்லை. அதற்குக் கிடைத்த மரியாதை, 2024 ஜனவரியில் ஏரிக்கு ராம்சர் தகுதி. சுமந்தது கல்லாயிற்று, சுமக்காததற்குப் பன்னாட்டு அங்கீகாரம் என்று ஒரு கட்சி சொல்லும். வாத்துக்கு மறுநாள் காலை குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டியதில்லை என்பது எதிர்க்கட்சி.

மூன்றாவது தொகை. பிரான்சில் கூடாரத் திடல்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் உண்டு. ஒரு கூடாரத்துக்கு, ஒரு வண்டிக்கு, ஓர் ஆளுக்கு என்று தனித்தனியே காசு வாங்கும் இடங்கள் உண்டு. பெரியவர்களுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஊராட்சி வரி வேறு. காசு தராமல் மலையில் படுப்பதற்கும் விதி இருக்கிறது: மெர்க்காந்தூர் தேசியப் பூங்காவில் மாலை 7 மணி முதல் காலை 9 மணி வரைதான், அதுவும் சாலையிலிருந்து ஒரு மணி நேர நடைத் தொலைவில். ஒரு மணி நேரம் நடப்பதற்கு எதற்கு மோட்டார் சைக்கிள் என்று திருமானூரில் கேட்பார்கள்.

நம் திருவிழாத் திடலில் நட்சத்திரம் வானத்தில்தான். அங்கே தரத்தை அளக்கும் அலகுகள் வேறு: குழாயடி எவ்வளவு பக்கம், ஒலிபெருக்கி எவ்வளவு தூரம், விடியற்காலையில் நிழல் எந்தப் பக்கம் விழும். இந்த மூன்றும் தெரிந்தவர்கள் மாலையிலேயே போர்வையை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். நிழல் என்றதும் பரமார்த்த குருவின் இன்னொரு கதை: வாடகை மாட்டின் நிழலில் குரு உட்கார்ந்ததற்காக மாட்டுக்காரன் நிழல் வாடகை கேட்கிறான். வழக்கு கடைசியில், காசைக் குலுக்கிய ஓசையே கூலி என்று தீர்கிறது. மரத்தடியில் வண்டி நிறுத்தினால் ஒரு டோக்கன், வெயிலில் நிறுத்தினாலும் அதே டோக்கன் என்கிற எந்த ஸ்டாண்டுக்காரரிடமும் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம். செல்லுபடியாகும் என்று ஆய்வாளர் உறுதி தரவில்லை.

தொகை என்றால் தலைத்தொகையும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆவது பிரிவு ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவரைத்தான் அனுமதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் நிற்கும். குடும்பத்தோடு இரவோடு இரவாகப் புறப்பட்டதற்குப் பெஸ்கியின் தேம்பாவணியில் வரும் எகிப்துப் பயணம் முன்னுதாரணம் என்று சிலர் வாதிடக்கூடும். 3615 பாட்டுள்ள அந்தக் காப்பியத்தைப் போக்குவரத்துக் காவலர் வழியில் நிறுத்திக் கேட்கத் தயாராக இருக்க மாட்டார்.

கடைசியில் தொடை. தொடுத்தல் என்றால் கட்டுதல். பூவுக்கும் பாட்டுக்கும் மூட்டைக்கும் ஒரே வினை. ரப்பர் கயிற்றின் கொக்கி கேரியரின் கம்பியில் மாட்ட வேண்டும். நம்பர் பிளேட்டில் மாட்டினால் பள்ளத்தில் குதிக்கும்போது பிளேட் வளையும், கொக்கி தெறித்துப் பின்னால் இருப்பவர் கையில் அடிக்கும். டியூப் கயிற்றுக்குக் கொக்கி இல்லை, முடிச்சுதான். அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவர் கட்டியவர் மட்டுமே. அவர் போய்ச்சேர்ந்ததும் குளிக்கப் போய்விடுவார். குடும்பமே மூட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

தொடைக்கு இன்னொரு பொருள், குழந்தை உட்காருகிற இடம். இங்கே ஆய்வாளர் கேலியை ஓரமாக வைக்கிறார். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பிணைக்கும் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் தாண்டிய குழந்தையின் தலைக்குக் கவசம் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022ல் மத்திய அரசு விதி போட்டது. குக்கருக்கு இரண்டு கயிறு போட்டுக் கட்டுகிறவர்கள் குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தலைக்கவசமோ பல வண்டிகளில் போர்வை மூட்டையின் உச்சியில் பத்திரமாகக் கட்டப்பட்டிருக்கிறது. மூட்டை தலைகுப்புற விழுந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பட்டியலில் குருவைச் சேர்க்க மறந்த ஓலைதான் இது.

இவ்வாய்வில் ஓர் இடைவெளி மிச்சம் இருக்கிறது. டிவிஎஸ் 50க்கு முந்தைய சுவேகா காலத்தில் பாயை எங்கே கட்டினார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்த வண்டியில் கோயிலுக்குப் போய்த் திடலில் படுத்து எழுந்துவந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், வாசகர்கள் அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்: இடப்பக்கமா, வலப்பக்கமா, அல்லது அப்போதும் அம்மாதான் பிடித்துக்கொண்டு வந்தாரா?