நீ போட்ட டிக்கு, நீதாம்லே எடுக்கணும்

ஏலே தம்பி, மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிப் போச்சு? கம்ப்யூட்டர்ல படமெல்லாம் போச்சுன்னு வீடு முச்சூடும் சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே? எங்கடே போச்சு? ஒரு ஃபைல ரெண்டு தட்டு தட்டித் தொறந்து பாரு. அக்கா கல்யாணம் அப்படியேதான் இருக்கு. காதுகுத்து இருக்கு. கொடை இருக்கு. போனது படம் இல்லலே. தொறக்காமலே உள்ள என்ன இருக்குன்னு காட்டிக்கிட்டு இருந்த குட்டிப் படம்தான் போச்சு. தம்ப்நெயிலுன்னு சொல்லுதீங்களே, அதான்.

அரிசிக் கடைக்குப் போயிருக்கியா? மூட்டைக்கு மேல ஒரு தட்டுல ரெண்டு பிடி அள்ளி வச்சிருப்பான். பொன்னியா, இட்லி அரிசியான்னு மூட்டைய அவுக்காமலே பாத்துக்கிடலாம். தட்டு காலியாக் கெடந்தா மூட்டையில அரிசியே இல்லன்னு எவனாச்சும் மாரடிப்பானா? நீ அடிக்க.

இதுல உன் சேக்காளிமாரு வேற. ஒருத்தன் வைரஸுங்கான். ஒருத்தன் ஃபார்மேட் அடிங்கான். இன்னொருத்தன், "விண்டோஸ் 7 செத்து பதினாறும் முடிஞ்சி போச்சு, புதுசு வாங்கு"ங்கான். மைக்ரோசாஃப்ட்டுக்காரன் 2020 ஜனவரி 14ஓட கையக் கழுவிட்டான்ங்கிறது வாஸ்தவந்தான். பாதுகாப்புக்குப் போடுத ஒட்டு அதுக்கப்புறம் வாரதில்ல. அத வச்சிக்கிட்டு பேங்கு கணக்கத் தொறக்காத, சரிதான். கல்யாணப் படம் பாக்கதுக்கு எதுக்குலே பயம்? அம்பதாயிரம் ரூவா செலவழிச்சிப் புதுசு வாங்கணும்னு உனக்கு ஆசை இருந்தா நேரா உங்கப்பன்ட்ட கேளு. கிழட்டுப் பொட்டி மேல ஏன் பழியப் போடுத?

மொதல்ல கண்ணத் தொறந்து பாரு. ஃபோல்டர் எந்த வியூவுல கெடக்கு? லிஸ்ட்டா? டீடெய்ல்ஸா? ஸ்மால் ஐகானா? அதுலெல்லாம் குட்டிப் படம் தெரியாது. தெரியவும் கூடாது. பேரும் தேதியும் மட்டும் போதும்னு நீயே சொல்லிட்டு, மூஞ்சியக் காட்டலன்னு கோவிச்சா எப்படி? கண்ட்ரோல் கட்டைய அமுக்கிக்கிட்டு மவுஸு உருளைய மேல்பக்கமா உருட்டு. மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜுன்னு ஊதிக்கிட்டே வரும். தெரிஞ்சிட்டா? போய்ச் சோத்தத் தின்னு. பாதிப் பேருக்கு வியாதி இம்புட்டுத்தான்.

தெரியலையா? சரி, உக்காரு. மேல ஆர்கனைஸ்னு எழுதியிருக்குல்லா, அதத் தட்டு. ஃபோல்டர் அண்ட் சர்ச் ஆப்ஷன்ஸ்னு வரும். அதுக்குள்ள வியூவுக்குப் போ. மொத வரிய வாசி. சத்தமா வாசி. "ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்." என்ன சொல்லுதான்? எப்பவும் ஐகானயே காட்டு, குட்டிப் படத்த ஒருநாளும் காட்டாதங்கான். அதுக்கு நேரா டிக்கு இருக்கா இல்லையா? இருக்கு! அப்போ பொட்டி என்ன தப்பு பண்ணிச்சி? சொன்னதச் சொன்னபடி செஞ்சிருக்கு. வீட்டுல ஒரு புள்ள இப்படிச் சொல் கேட்டா ஊரெல்லாம் பீத்திக்கிட மாட்டமா? அந்த டிக்க எடு. அப்ளை, ஓகே. ஃபோல்டர மூடித் தொற.

"நான் அந்த டிக்கப் போடவே இல்லையே தாத்தா"ங்க. போட்டிருக்க மாட்ட. ஆனா பொட்டி ஆமை மாதிரி ஓடுதுன்னு எவனோ போட்ட வீடியோவப் பாத்து என்ன செஞ்ச? கம்ப்யூட்டர் மேல ரைட் கிளிக்கு, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ்னு உள்ள உள்ள போயி, "அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்"ங்கத அமுக்குனியா இல்லையா? அமுக்குனதும் கீழ வரிசையா நின்ன டிக்கு அம்புட்டும் உதுந்து போச்சு. நெழலு போச்சு, மினுக்கு போச்சு. அந்தக் கூட்டத்துலதான் "ஷோ தம்ப்நெயில்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் ஐகான்ஸ்"ங்கிற டிக்கும் நின்னுச்சு, அதுவும் போச்சு. அங்க அது உதுந்தா இங்க நான் சொன்ன டிக்கு தன்னால ஏறிக்கிடும். ரெண்டும் ஒரே சங்கதிதான், ரெண்டு எடத்துல எழுதி வச்சிருக்கான். ஆயிரம் பேரு லைக் போட்டான்னு வீடியோக்காரன நம்புன. கண்ணு முன்னால உதுந்த டிக்க ஒருதரம் வாசிச்சியா? வேகமாவது வந்துதா? வந்த வேகத்த எங்க ஒளிச்சி வச்சிருக்க?

இன்னொரு வகை இருக்கு. குட்டிப் படம் வரும், ஆனா கோளாறா வரும். சிலது கறுப்பா நிக்கும். சிலதுல இந்தப் படத்துக்கு அந்தப் படத்தோட மூஞ்சி. பாட்டி படத்துக்கு ஆட்டுக்குட்டி மூஞ்சி. இது என்னன்னு கேளு. ஒவ்வொரு தரமும் புதுசா வரையச் சோம்பேறித்தனப்பட்டு, பொட்டி ஒருதரம் வரைஞ்சத எடுத்துப் பத்திரமா வச்சிக்கிடும். 32, 96, 256, 1024ன்னு அளவு அளவா, தம்ப்கேஷுங்கிற பேர்ல, உன் கணக்குக்குள்ள ஒரு மூலையில கெடக்கும். அந்தச் சேமிப்பு கெட்டுப் போனா இந்தக் கூத்துதான். ஸ்டார்ட்ல டிஸ்க் க்ளீனப்னு அடி. சி டிரைவக் காட்டு. வார பட்டியல்ல தம்ப்நெயில்ஸுக்கு மட்டும் டிக்கு போட்டு ஓகே குடு. ஐயோ படம் அழிஞ்சிருமான்னு நடுங்காத. அழியுதது பழைய குட்டிப் படம் மட்டுந்தான். திரும்ப ஃபோல்டரத் தொறந்தா ஒண்ணொண்ணா வரைஞ்சி அடுக்கும். ரெண்டாயிரம் படம் இருந்தா கொஞ்சம் நேரமாவும். அந்நேரம் மவுஸப் போட்டு டொக்கு டொக்குன்னு அடிக்காத. வயசான பொட்டி, அதுக்கும் மூச்சு வாங்கும்லா?

உங்க சித்தப்பன் ஸ்டூடியோவுல விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் உருண்டுக்கிட்டு இருக்கோ? 2001ல வந்தது. 2014 ஏப்ரல் 8லயே கம்பெனி கைவிட்ட ஆளு. ஆனாலும் நல்ல மனுசன்லே. தம்ப்நெயில் வியூ போட்டா ஃபோல்டர் மேலயே உள்ள இருக்கதுல நாலு படத்த ஒட்டிக் காட்டுவான். அவன் பாணி வேற. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் தம்ப்ஸ் டாட் டிபின்னு ஒரு ஃபைல ஒளிச்சி, குட்டிப் படத்த அதுல வச்சிருப்பான். மறைஞ்சி கெடக்கதெல்லாம் காட்டுன்னு நீயே ஆப்ஷன மாத்திட்டு, அதக் கண்டதும் வைரஸு வைரஸுன்னு கத்துவ. அது வைரஸு இல்ல. அழிச்சாலும் நட்டமில்ல, திரும்ப முளைக்கும்.

ஒண்ணு மட்டும் காதோட காதா சொல்லுதேன். ஒரு படத்த நீ அழிச்சிட்டன்னு வச்சிக்கோ. அதோட குட்டிப் படம் அந்த தம்ப்ஸ் ஃபைலுக்குள்ள அப்படியே கெடக்கலாம். குத்தம் துப்பு துலக்குத ஆளுவ அதயும் நோண்டுவாங்க. எந்தப் படத்த எதுக்கு அழிச்சேன்னு நான் கேக்கல. நீ ஏன் காதச் சொறியுத?

எக்ஸ்பில வேற ஏதோ ஒரு படம் பாக்குத சாஃப்ட்வேர ஏத்தி எறக்குனதுக்கு அப்புறம் குட்டிப் படம் நின்னு போச்சுன்னா, அதுக்கு ஒரு மந்திரம் இருக்கு. ஸ்டார்ட், ரன். ஆர், இ, ஜி, எஸ், வி, ஆர், அப்புறம் 32. ஒரு இடைவெளி. எஸ், எச், ஐ, எம், ஜி, வி, டபிள்யூ, புள்ளி, டி, எல், எல். என்ட்டரத் தட்டு. சக்சீடட்னு ஒரு பொட்டி வரும். படம் காட்டுத வேலைக்காரன மறுபடியும் பதிவேட்டுல ஏத்தியாச்சு, அவ்வளவுதான். இதுக்குப் போயி, "எல்லாத்தயும் ஒரே கிளிக்குல சரி பண்ணுவேன்"ன்னு வார சாஃப்ட்வேர எறக்காத. கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலையுத கூட்டம் இருக்குத வரைக்கும் அவன் கடை ஓடும்.

உன் மச்சான் ஐஃபோன்ல எடுத்து அனுப்புன படம் மட்டும் தெரியலையா? அதுல உன் மேலயும் தப்பில்ல, பொட்டி மேலயும் தப்பில்ல. 2017ல ஐஓஎஸ் 11 வந்ததுலேருந்து அது ஹெய்க்குன்னு ஒரு வகையில படத்த எழுதுது. விண்டோஸ் 7 பொறந்தது 2009ல. தான் பொறந்து எட்டு வருசம் கழிச்சி வந்தத அது எப்படித் தெரிஞ்சி வச்சிருக்கும்? மச்சான்ட்ட சொல்லு. ஃபோன் செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மேட்ஸ், மோஸ்ட் கம்பேட்டிபிள்னு மாத்தச் சொல்லு. அதுக்கப்புறம் எடுக்கதெல்லாம் பழைய ஜேபெக்கா வரும். மாட்டேன்னாருன்னா விட்டுரு. விலை கூடுன ஃபோன் வச்சிருக்கவருக்குக் கெத்து முக்கியம், உனக்குப் படம் முக்கியம்.

சரி, எல்லாம் வந்தாச்சு. இப்ப நான் ஒண்ணு கேக்கேன். குட்டிப் படம் போனதும் உனக்கு ஏன் கையுங்காலும் ஓடல? எந்த ஃபைல் எதுன்னு தெரியல, அதான. எப்படித் தெரியும்? எல்லாத்துக்கும் கேமரா வச்ச பேருதான். டிஎஸ்சி, அதுக்குப் பின்னால அஞ்சு நம்பரு. வீட்டுல வளருத கோழிக்குக்கூடப் பேரு வைப்ப, தாலி கட்டுத படத்துக்கு வைக்க மாட்ட. ஃபோல்டர் பேரப் பாரு: நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2, ஃபைனல், ஃபைனல் புதுசு. இதுல ஒண்ணத் தேடி எடுக்கதுக்குப் பதினெட்டுப் பட்டி பஞ்சாயத்தக் கூட்டணும். வருசத்தயும் விசேஷத்தயும் சேத்து ஒரு பேரு வையி. அப்புறம் குட்டிப் படம் வந்தா என்ன, வராட்டி என்ன?

இன்னொண்ணு. குட்டிப் படத்துக்கு இம்புட்டு ஒப்பாரி வச்சியே, பெரிய படத்துக்கு வேற எங்கயாச்சும் நகலு இருக்கா? பொட்டிக்குள்ள சுத்துத ஹார்டு டிஸ்க்கு என்னைக்கும் சுத்தும்னு எவன்லே உனக்கு எழுதிக் குடுத்தான்? அது நின்னா டிக்கும் கேக்காது, மந்திரமும் கேக்காது. கடையில ஒரு பென்டிரைவு என்ன விலைன்னு விசாரிச்சியா? முழிக்காதலே. டிக்க உதுக்க வச்ச வீடியோவ நாலு தரம் பாத்தேல்லா, அந்த நேரத்துல அம்புட்டயும் காப்பி எடுத்திருக்கலாம்.