மானா போலே!

முதியவர்களை எப்படியாவது சந்தோஷப்படுத்தியே தீருவது என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களிடமிருந்து முதியவர்களைக் காப்பாற்ற யாராவது வேண்டும்.

முதியோர் மையங்களைக் குறை சொல்லவில்லை. 60 வயது நிரம்பியவர்கள் பகலில் போய்க் கூடிவிட்டு வீடு திரும்ப, சமூக நல இலாகாவின் ஆதரவில் 'பாவே' எனப்படும் நடவடிக்கை மையங்கள் நாட்டில் பல ஊர்களில் இருக்கின்றன. அரசாங்க கிளினிக்குகளிலும் மூத்தோர் கிளப் உண்டு. இது போக, கோயில் மண்டபம், பாலாய் ராயா, தனியார் நடத்துவது என்று பல தினுசு. லாபிஸில் என் அம்மா போவது இதில் எது என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் இன்னும் அங்கே போய்க்கொண்டிருக்கிறார். எனக்கும் பகலில் வீட்டில் கொஞ்சம் நிம்மதி தேவைப்படுகிறது.

லாபிஸ், சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் நடுவில் ரயில் நிற்கிற ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. அங்கே கூடும் நம்மவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் மரம் வெட்டியவர்கள். இது தெரியாமல் ஒரு பயிற்சியாளர் தம்பி பை நிறைய பலூனோடு வந்து இறங்கினார். வட்டமாக உட்கார்ந்து பலூனைக் கீழே விழாமல் தட்ட வேண்டுமாம், தோள்பட்டைக்கு நல்லதாம்.

அம்மாவிடம் பலூன் வந்தது. அவர் தட்டவில்லை. கிள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார். "பால் மட்டம். தண்ணி கலந்திருக்கான்" என்று பக்கத்திலிருந்த மண்டோர் தாத்தாவிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பினார். "தண்ணி இல்லம்மா, அமோனியா கூடிப்போச்சி" என்றார். அவ்வளவுதான். எந்தக் காலத்தில் எந்தக் கிராணி யார் பாலை எப்படிக் குறைத்து எழுதினான் என்று விசாரணை தொடங்கிவிட்டது. தோள்பட்டை மட்டுமல்ல, எல்லாருக்கும் எல்லா உறுப்பும் நன்றாக அசைந்தது. பயிற்சியாளர் தம்பிதான் மூலையில் உட்கார்ந்து பலூனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

காலை உடற்பயிற்சியும் இதே கதிதான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு 500 மரம் வரை வெட்டியவர்கள் இவர்கள். எட்டரை மணிக்கு ஒலிபெருக்கியைப் போட்டு "கையைத் தூக்குங்க, பாட்டி!" என்றால் என்ன செய்வார்கள்? அம்மா தூக்கினார். தூக்கிய கையோடு, "இதுக்குச் சம்பளம் உண்டா, தம்பி?" என்றும் கேட்டார்.

மண்டோர் தாத்தாவை எதிலாவது ஈடுபடுத்தலாமே என்று நானும் கேட்பால் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஜப்பானில் முதியவர்கள் விழுந்து விழுந்து ஆடுவது. அணிக்கு ஐந்து பேர். கட்டையால் பந்தை அடித்து மூன்று வளையத்துக்குள் புகுத்தி, கடைசியில் கம்பத்தில் மோதவிட வேண்டும். அரை மணியில் ஆட்டம் முடிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் இது பிள்ளைகளுக்காக உண்டான ஆட்டம். 1947-இல் ஹொக்கைடோவில் சுசுகி என்பவர் கண்டுபிடித்தார். போர் முடிந்த நேரம், பந்து செய்ய ரப்பர் இல்லை. அதனால் கட்டையை வைத்து ஓர் ஆட்டம். பிற்பாடு அதைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். தாத்தா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "ரப்பர் இல்லியா? ஜப்பான்காரனுங்க மூணரை வருசம் இங்கதானப்பா உக்காந்திருந்தானுங்க. போறப்ப எடுத்துட்டுப் போறதுக்கு என்ன?" கேட்பால் திட்டம் அத்தோடு முடிந்தது.

பிறகு ஒரு நாள் யாரோ ஒரு சொங்காக் பலகையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். படகு மாதிரி மரப்பலகை. இரண்டு வரிசையில் ஏழேழு குழி, இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி. அதற்கு 'ரூமா' என்று பெயர். குழிக்கு ஏழாக 98 கொட்டை. கம்பத்து மக்சிக் ஒருவர் ஆசையோடு போய் உட்கார்ந்தார். எதிரே அம்மா. மக்சிக் பார்த்தது சொங்காக். அம்மா பார்த்தது பல்லாங்குழி. ஓரத்திலிருந்த பெரிய குழி வெற்றிலை வைக்க என்று நினைத்து, தன் பொட்டலத்தை அதில் வைத்தார்.

அம்மாவின் ஆட்டத்தில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மக்சிக்கின் ஆட்டத்தில் பசு, எருமை ஒன்றும் கிடையாது. மக்சிக்குக் கடைசிக் கொட்டை தன் பக்கத்து வெறுங்குழியில் விழுந்தால் எதிர்க்குழியை அள்ளலாம். அம்மாவுக்கு வெறுங்குழி வந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கு அடுத்த குழியை அள்ள வேண்டும். ஒருவர் குறுக்கே அள்ள, ஒருவர் நேரே அள்ள, ஒரே பலகையில் இரண்டு ஆட்டம் நடந்தது. "மானா போலே!" என்று மக்சிக் கத்தினார். அதெப்படி ஆகும் என்று அர்த்தம். இந்த நாட்டில் எல்லா இனத்துச் சண்டையும் இதில்தான் தொடங்கும். அம்மா பதிலுக்கு "தீப்பு! தீப்பு!" என்றார். ஏமாற்று என்கிறார். தோட்டத்து மலாய் என்றாலும் இந்த மாதிரி நேரத்தில் இலக்கணப் பிழையே வராது.

பொறுப்பாளர் பெண் பதறிப்போய், சொங்காக் விதிகளைக் காகிதத்தில் அச்செடுத்து வந்து நீட்டினார். அதுவரை எதிரிகளாக இருந்த இருவரும் ஒன்றாகத் திரும்பி அவரை முறைத்தார்கள். இப்போது ரூமாவும் உண்டு, பசுவும் உண்டு. உலகத்திலேயே இரண்டே பேருக்குத்தான் இந்த ஆட்டத்தின் விதி தெரியும். அவர்களும் ஒத்துப்போவதில்லை. காசு வைத்து ஆடக்கூடாது என்பதால் பந்தயம் ஹேக்ஸ் மிட்டாய். இருவருக்கும் இனிப்புநீர். ஜெயித்ததைத் தின்ன முடியாது; ஆனாலும் ஜெயித்தாக வேண்டும்.

மற்ற பொழுதுபோக்குகளை அவர்களே ஏற்படுத்திக்கொண்டார்கள். பேப்பர் வந்ததும் முதலில் மரண அறிவித்தல் பக்கம். யார் போனார், என்ன வயது, படம் எந்தக் கல்யாணத்தில் எடுத்தது என்று அலசிய பிறகுதான் பிரதமரைப் பார்ப்பார்கள். கதை நேரமும் உண்டு. 2011 ஜனவரி கடைசியில் தெனாங் இடைத்தேர்தல் நடந்தபோது லாபிஸ் வெள்ளத்தில் மிதந்தது உண்மை. மண்டோர் தாத்தா அன்று ஓட்டுப் போடப் போன கதையை நான் முதலில் கேட்டபோது தண்ணீர் முழங்காலளவு. போன தடவை மார்பளவு. 2023 மார்ச்சில் மறுபடி வெள்ளம் வந்ததே, அது இன்னும் கணுக்காலில்தான் இருக்கிறது. மெதுவாக ஏறும்.

மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பலூனையும் வண்ணப் பென்சிலையும் பாலர் பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு பலகை, இரண்டு பேப்பர், சண்டை போட ஓர் ஆள். இவ்வளவும் இருந்தால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நடுவர் மட்டும் கூடவே கூடாது.

எனக்கும் 60 ஆக இன்னும் அதிக காலம் இல்லை. லாபிஸ் பக்கம் பல்லாங்குழி சொல்லித்தர யாராவது இருந்தால் தெரிவியுங்கள். அம்மாவிடம் கற்றுக்கொள்ள முடியாது. தோற்கிற மாதிரி இருந்தால் விதியை மாற்றிவிடுகிறார்.