மூன்று கட்டைக்குக் கீழே

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் ஸ்ருதியை யாரும் 'சி', 'டி' என்று சொன்னதில்லை. கட்டைதான். ஹார்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அது 'சி'. அடுத்த வெள்ளை இரண்டு; அது 'டி'. அதற்கடுத்தது மூன்று, அது 'ஈ'. இடையில் இருக்கும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை. நான் வாசித்த பேஸ் கிட்டாரின் நான்கு ஸ்ட்ரிங்குகளில் மிகத் தடித்தது 'ஈ'. ஆக, என் வாத்தியம் மூன்று கட்டையில் தொடங்கியது. அதற்குக் கீழே எனக்கு ஒரு ஸ்வரமும் இல்லை. இருபது வருடம் அப்படித்தான் வாசித்தேன். அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

பங்குனி, சித்திரை மாதங்களில் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தினமும் கச்சேரி இருக்கும். தூக்கம் வேனில். ஒவ்வொரு படப் பாட்டையும் ஒரிஜினல் எந்தக் கட்டையோ அந்தக் கட்டையிலேயே பாடுவதுதான் கௌரவம் என்று எங்கள் பாடகர் அண்ணன் வைத்திருந்தார். இரவு ஒன்பதரைக்கு மேடையேறுவார். விடியற்காலை இரண்டு மணிக்கும் குரல் ஸ்ருதியை விட்டு விலகாது. மூன்று கட்டைப் பாட்டு வந்தால் எனக்குக் கொண்டாட்டம். பல்லவி முடிந்து அவர் ஸட்ஜத்தில் வந்து நிற்கும்போது 'ஈ' ஸ்ட்ரிங்கை ஓப்பனாக அடிப்பேன். மேடைப் பலகை அதிர்வது செருப்பில்லாத காலுக்குத் தெரியும்.

எதிரே உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு அது கேட்டிருக்குமா என்றால், பெரும்பாலும் கேட்டிருக்காது. அன்றைக்குத் திருவிழாக்களில் கட்டியது கூம்பு ஒலிபெருக்கி. அது குரலை மூன்று ஊருக்குக் கொண்டுபோகும், கனத்த ஓசையை விழுங்கிவிடும். மேடையில் இருக்கும் ஆம்ப் ஒன்றுதான் எனக்கு. ஆனாலும் நடுப்பாட்டில் ஒயர் அறுந்து பேஸ் நின்றுபோனால் முன்வரிசையில் இருப்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். என்ன போயிற்று என்று சொல்லத் தெரியாது, எதுவோ போயிற்று என்று தெரியும்.

இந்த வாத்தியத்தின் மீது எனக்கு மதிப்பு வரக் காரணம் இளையராஜா. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது நான் சின்னப் பையன். வாசிக்கத் தொடங்கிய வயதில் அவருடைய எண்பதுகளின் பாடல்களைக் கேசட்டில் ஓட்டி, திருப்பி ஓட்டி, பேஸை மட்டும் காதால் பிரித்தெடுத்துக் கற்றேன். அந்தப் பாடல்களில் பேஸ் தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் கம்பமாக மட்டும் நிற்பதில்லை. மேலே ஒரு மெட்டு போகும்போது அடியில் இன்னொரு மெட்டு தனியாகப் போகும். அவரிடம் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரன் என் போன்ற எத்தனையோ பேருக்கு, நேரில் பார்க்காத ஆசான். கேசட் நாடா இழுபட்டுச் சுருதி இறங்கிப்போயிருக்கும். அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் வாசிப்போம்.

எல்லா இரவும் தொண்டை ஒரே மாதிரி இருக்குமா? பனி பெய்த ஒரு மார்கழி இரவில் அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, அரைக்கட்டை இறக்கிக்கிருவமா? தொண்டை கட்டுது" என்றார். மூன்று கட்டைப் பாட்டு இரண்டரைக்குப் போயிற்று. கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்தி இறக்கிவிட்டார். எனக்கு இறங்க இடமில்லை. கீழே இருக்கவேண்டிய ஸட்ஜத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசித்தேன். ரிஷபம் வழியாக இறங்கிவந்து ஸட்ஜத்தில் உட்காரவேண்டிய வரி அது. கிணற்றுப் படியில் இறங்குகிறவன் தண்ணீருக்கு ஒரு படி முன்னால் திரும்பி ஏறியதுபோல இருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் அவர் குரல் ஒரு நொடி தடுமாறியது எனக்குக் கேட்டது.

இன்னொரு வழியும் உண்டு. இரண்டு பாட்டுக்கு நடுவே கீயைத் தளர்த்தி 'ஈ' ஸ்ட்ரிங்கை 'டி'க்கு இறக்கிவிடலாம். இறக்கினால் ஸ்ட்ரிங் தொளதொளத்து ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கும். அந்த ஒரு ஸ்ட்ரிங்கில் மட்டும் எல்லா ஸ்வரமும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப் போய்விடும். அறிவிப்பாளர் பேசும் அரை நிமிடத்துக்குள் இதைச் செய்து, அடுத்த பாட்டுக்குள் திரும்பவும் ஏற்றவேண்டும். சில வருடம் செய்து பார்த்து விட்டுவிட்டேன்.

ஐந்து ஸ்ட்ரிங் பேஸை நான் முதலில் பார்த்தது திருமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பில். வேறொரு குழுவின் பையன் வைத்திருந்தான். அகலமான நெக், பென்சில் பருமனுக்கு ஒரு ஸ்ட்ரிங். "தம்பி, நாலுல வாசிக்கத் தெரியாதவன்தான் அஞ்சு கேப்பான்" என்று அவனிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அமெரிக்காவில் மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் நான்கு ஸ்ட்ரிங்கை ஒற்றை விரலால் அடித்தே உலகத்தை ஆட்டிவைத்தார், அது போதாதா என்றும் கேட்டேன். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: "இது கூட வாசிக்கிறதுக்கு இல்லண்ணே. பாடுறவங்க இறங்குனா நாமளும் இறங்குறதுக்கு." அன்றைக்கு அந்தப் பதில் என் காதில் ஏறவில்லை. நான் சொன்னது தவறு. அவன் சொன்னதுதான் சரி.

பிறகு தேடிப் படித்தபோதுதான் இந்த ஐந்தாவது ஸ்ட்ரிங்கின் கதை புரிந்தது. 1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தன் 'பிரசிஷன் பேஸ்' கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸுக்கு இருந்த அதே ஈ, ஏ, டி, ஜி என்ற சுருதிகளையே அதற்கு வைத்தார். 1965-ல் அவர் பெயரிலான நிறுவனம் ஐந்து ஸ்ட்ரிங் ஒன்று செய்தது. அதில் கூடுதலாகச் சேர்ந்தது மேல்பக்கத்தில் ஒரு 'சி'. ஏற்கெனவே இருந்த உயரத்தையே அது கொடுத்தது. எடுபடாமல் சில வருடங்களில் நின்றுபோனது. எழுபதுகளின் நடுவில் ஜிம்மி ஜான்சன் என்ற அமெரிக்க வாசிப்பாளர் கீழ்ப்பக்கம் 'பி' வரும்படி அலெம்பிக் நிறுவனத்தில் ஒன்று செய்து வாங்கினார். ஜெர்மானிய ஆர்கெஸ்ட்ராக்களில் ஐந்து ஸ்ட்ரிங் டபுள் பேஸ் அதற்கும் வெகுகாலம் முன்பே இருந்தது. கிட்டாரில் அந்தக் கீழ் 'பி'யை எல்லோருடைய கைக்கும் கொண்டுவந்தது கீபோர்டு. எண்பதுகளில் சிந்தசைசரில் வாசித்த பேஸ் 'ஈ'க்குக் கீழே சாதாரணமாகப் போய் வந்தது. கிட்டார்க்காரர்கள் அதன் பின்னால் இறங்க வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் அதேதான். 1992-ல் 'ரோஜா'வுக்குப் பிறகு நாங்கள் மேடையில் வாசிக்கவேண்டி வந்த பாட்டுகளின் அடிப்பகுதி மாறிப்போனது. ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேட்டபோது, பேஸ் எத்தனை சொற்பமாகப் பேசி எத்தனை இடத்தை நிரப்பமுடியும் என்று தெரிந்தது.

நான் மாறியதற்கு இவை எதுவும் காரணமில்லை. அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மூன்று கட்டைப் பாட்டெல்லாம் நிரந்தரமாக இரண்டரைக்கு வந்துவிட்டது. சிலது இரண்டுக்கும் வந்துவிட்டது. பாட்டுக்குப் பாட்டு நான் மேல் ஸ்தாயிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒத்திகையில் அவர் சொன்னார்: "நான் எறங்குறப்பல்லாம் நீ மேல போயிர்றடா. எனக்கு அடியில ஆள் இல்லாத மாதிரி இருக்கு." அடுத்த மாதம் சென்னைக்குப் போய் ஐந்து ஸ்ட்ரிங் வாங்கிவந்தேன்.

வாங்கியது சுலபம். கை ஒப்புக்கொள்ளத்தான் ஏழெட்டு மாதம் ஆயிற்று. இருபது வருடமாகக் கை அறிந்தது ஒன்றே: மிகத் தடித்த ஸ்ட்ரிங் என்றால் 'ஈ'. இப்போது அந்த இடத்தில் 'பி' இருந்தது. பார்க்காமல் போன விரல் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்ட்ரிங் கீழே போய் விழுந்தது. பேஸில் ஒரு ஸ்ட்ரிங்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஸட்ஜத்திலிருந்து மத்யமம் வரை; ஆகவே ஸட்ஜத்துக்குப் போன கை தவறி ஒரு ஸ்ட்ரிங் கீழே விழுந்தால் வருவது மந்திர பஞ்சமம். அபஸ்வரமாக இருந்தால் உடனே பிடிபட்டுவிடும். இது பஞ்சமம், ஒட்டிக்கொண்டு நிற்கும். கேட்பவர்களுக்குப் பிழையாகத் தெரியாது. பாடுகிறவருக்கு மட்டும் தரை ஒருபக்கம் சாய்ந்ததுபோல இருக்கும். உசிலம்பட்டியில் ஒரு முளைப்பாரிக் கச்சேரியில் பல்லவி முழுக்க அப்படி வாசித்துவிட்டு, அண்ணன் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிரவு வேனில் யாரோடும் பேசவில்லை. மறுநாளிலிருந்து வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சாதகம் செய்தேன்.

ஸ்ட்ரிங் இடைவெளியும் குறைவு. என் பழைய பேஸில் பாலத்தருகே ஒரு ஸ்ட்ரிங்குக்கும் அடுத்ததற்கும் 19 மில்லிமீட்டர், இதில் பதினேழரை. நெக் அகலம் கூடியதால் இடதுகைக் கட்டைவிரல் நெக்கின் நடு முதுகுக்கு இறங்கவேண்டும். பழையபடி மேலே வளைத்துப் பிடித்தால் சுண்டுவிரல் எட்டாது. 'ஈ' ஸ்ட்ரிங் பொதுவாக 0.105 அங்குலம், 'பி' 0.130. அந்தப் பருமனைக் கொஞ்சம் பலமாக அடித்தால் ஃப்ரெட்டில் மோதிச் சத்தம்தான் வரும், ஸ்வரம் வராது. மெல்லத் தொட்டு, அது முழுதாக மலரும்வரை காத்திருக்கவேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினம், அதை வாசிக்காதபோது பேசாமல் வைத்திருப்பது. 'பி' ஸ்ட்ரிங் தொடாமலே கூடச் சேர்ந்து அதிரும். மூன்று கட்டைப் பாட்டில் பஞ்சமம் எது? அதே 'பி'. மேலே எங்கே பஞ்சமத்தைத் தொட்டாலும் அடியில் இது தானாக முனகத் தொடங்கிவிடும். மேடையில் அது தெளிவாகக் கேட்காது. மொத்த இசையையும் சேறாக்கும். வலதுகைக் கட்டைவிரலைப் பிக்கப்பின் மேல் ஊன்றி வாசித்தது என் பழக்கம். அதை விட்டு, வாசிக்கும் ஸ்ட்ரிங்குக்குக் கீழே இருப்பவற்றின் மேல் கட்டைவிரல் படுத்தபடி நகர்ந்துகொண்டே இருக்கப் பழகினேன். நாலு ஸ்ட்ரிங்கில் நான் எத்தனை அசட்டையாக ஓசைகளை அலையவிட்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. திரும்ப அந்தப் பழைய பேஸை எடுத்து வாசித்தால் இப்போது அதிலும் சத்தம் சுத்தமாக இருக்கிறது.

ஒலியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஓப்பன் 'ஈ' வினாடிக்கு 41 அதிர்வு, ஓப்பன் 'பி' ஏறக்குறைய 31. கூம்பு ஒலிபெருக்கிக் காலத்தில் இந்த ஸ்ட்ரிங் இருந்திருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. இப்போது ஆளுயரத்துக்கு சப் ஊஃபர் அடுக்குகிறார்கள். அவற்றிலும் பல 31 வரை உண்மையாக இறங்குவதில்லை. இருந்தும் நமக்குக் கேட்கிறது, ஏனென்றால் அந்த ஸ்வரத்தின் மேல் அதிர்வுகளை வைத்துக் காது அடியை ஊகித்துக்கொள்கிறது. ஆகையால் மைக் செட்காரரிடம் "லோ ஏத்துங்க" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். லோவைக் குறைத்து நடுப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றச் சொல்கிறேன். கல்யாண மண்டபத்துத் தகரக் கூரை கடகடப்பது நிற்கிறது, ஸ்வரம் தெளிகிறது.

இன்று கருவி இருக்கிறதே என்று கீழேயே கிடக்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. எண்பதுகளின் பாட்டு ஒன்றை அதன் சொந்தக் கட்டையில் வாசிக்கும்போது நான் ஐந்தாவது ஸ்ட்ரிங்கைத் தொடுவதில்லை. அதன் அடி எங்கே என்று அதைச் செய்தவர் முடிவுசெய்துவிட்டார். அதற்குக் கீழே ஒரு ஸ்தாயி தோண்டினால் அது வேறு பாட்டு. மூன்று மணி நேரக் கச்சேரியில் எனக்கு 'பி' ஸ்ட்ரிங் தேவைப்படுவது மொத்தமாகப் பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் இந்தக் கூடுதல் எடையைத் தோளில் சுமக்கிறேன். நாலு ஸ்ட்ரிங் போதும் என்று இருப்பவர்களிடம் எனக்கு வாதம் இல்லை. உங்கள் பாடகர் இறங்காதவரை போதும்தான்.

அண்ணனுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. வருடத்துக்கு ஏழெட்டுக் கச்சேரிதான். போன மாதம் சோழவந்தானில் ஒரு வரவேற்பு. பழைய மூன்று கட்டைப் பாட்டைக் கேட்டு ஒரு பெரியவர் சீட்டு அனுப்பினார். அண்ணன் சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கேட்க வாயெடுப்பதற்கு முன்பே கீபோர்டுக்காரத் தம்பியிடம் "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன். பல்லவி முடிந்து அவர் ஸட்ஜத்தில் வந்து நின்றார். ஐந்தாவது ஸ்ட்ரிங், மூன்றாவது ஃப்ரெட். நான்கு எண்ணிக்கை முழுக்க விரலை எடுக்கவில்லை.